வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவதை நிறுத்தச் சொல்கிறார் வகுப்பாசிரியை. நிறுத்த வேண்டுமா?

நூல்கண்டு (அம்மாப்பேட்டை)

சேலத்தில் இருக்கிறோம், எங்கள் வீட்டு மொழி சௌராஷ்டிரம்தான். மாமியார், கொழுந்தன், ஓரகத்தி எல்லோரும் ஒன்றாக இருக்கும் வீடு. தமிழ் தெரியாதவர் என்று யாரும் இல்லை. கடைக்காரரிடமும், தறிக்கு வரும் ஆட்களிடமும், அக்கம்பக்கத்திலும் தமிழ்தான். ஆனால் பிறந்ததிலிருந்து பிள்ளையைக் கொஞ்சியதும் திட்டியதும் எங்கள் பேச்சில்.

மகள் இந்த ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். தனியார் பள்ளி, ஆங்கில வழி. வகுப்பில் வாயே திறப்பதில்லை என்கிறார்கள். தமிழ் புரிகிறது, பதில் சொல்ல வரவில்லை. ஆங்கிலம் முழுக்கப் புதிது. கழிப்பறைக்குப் போகவேண்டும் என்று கேட்கத் தெரியாமல் சீருடையை நனைத்துக்கொண்டு வந்து நிற்கிறாள். அதே பிள்ளை வீட்டுக்குள் நுழைந்ததும் பாட்டியிடம் மூச்சு விடாமல் பேசுகிறாள்.

பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியை சொன்னது: "இரண்டு மொழியே அவளுக்கு அதிகம், மூன்றாவது எதற்கு? இனி வீட்டில் தமிழோ ஆங்கிலமோ மட்டும் பேசுங்கள்." கணவர் உடனே சரி என்று தலையாட்டிவிட்டார். மாமியாருக்கு அன்றிலிருந்து முகமே இல்லை.

நிறுத்தினால் உண்மையிலேயே பயன் உண்டா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். பள்ளியை மாற்று என்ற ஆலோசனை மட்டும் வேண்டாம், கட்டணம் கட்டியாகிவிட்டது.

ஓய்வூதியர் (குகை)

நிறுத்தாதீர்கள், அம்மா.

என் பணிக்காலத்தின் பெரும்பகுதி ஒன்றாம் வகுப்பில் கழிந்தது. குகைப் பக்கத்துப் பள்ளி என்றால் தேவாங்கர் வீட்டுப் பிள்ளைகள் நிறைய. பலருக்கு வீட்டில் கன்னடம், சிலருக்குத் தெலுங்கு. புது மொழிக்குள் நுழைகிற குழந்தை முதலில் கேட்கும், பிறகுதான் பேசும். சிலருக்குச் சில வாரம், சிலருக்கு அரையாண்டுத் தேர்வு வரை, கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு ஓராண்டுகூட ஆகும். இந்த மௌனத்தை மந்தம் என்று ஆசிரியர் எடுத்துக்கொண்டால்தான் கேடு. பின்வரிசையில் உட்காரவைத்துவிடுவார்கள். பின்வரிசைக்குப் போன குழந்தை எந்த மொழியிலும் பேசாது.

பிள்ளை வீட்டில் எப்படிப் பேசுகிறாள் என்பதைக் கவனியுங்கள். நடந்ததை முன்பின் மாறாமல் சொல்கிறாளா, பொய்கூட நன்றாகச் சொல்கிறாளா? அப்படியானால் மொழித்திறனில் ஒரு குறையும் இல்லை. வீட்டிலும் பேச்சு குறைவு என்றால் அது வேறு விஷயம்; காதையும் பேச்சையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அதற்கு வேலை இல்லை.

கழிப்பறை விஷயத்தை நாளைக்கே முடியுங்கள். கேட்க வேண்டிய வாக்கியத்தை விளையாட்டாகச் சொல்லிப் பழக்குங்கள். அது வரும் வரை ஒரு விரல் காட்டினாலே அனுப்பிவிடுமாறு ஆசிரியையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ஒரே மொழிக்காரர்களாக இருந்ததால் ஒருவன் புரியாமல் விழித்தால் பக்கத்தில் இருப்பவன் அவன் காதில் சொல்லிவிடுவான். உங்கள் பிள்ளைக்கு அந்த வசதி இருக்கிறதா? வகுப்பில் இன்னொரு சௌராஷ்டிரப் பிள்ளை இருந்தால் அருகருகே உட்காரவைக்கச் சொல்லுங்கள். "இருவரும் சேர்ந்தால் தமிழே பேச மாட்டார்கள்" என்று மறுப்பார்கள். பேசுவார்கள்.

செந்தமிழன்_சேலம்

ஆசிரியை சொன்னதில் என்ன தவறு என்று எனக்கு விளங்கவில்லை. தமிழ்நாட்டில் படிக்கிற பிள்ளை தமிழ் பேச வேண்டும். 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்பித்தல் சட்டம் எந்தப் பள்ளியானாலும் முதல் வகுப்பிலிருந்து தமிழைக் கட்டாயமாக்கியது. நெசவாளர் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வேறு மொழி பேசுகிறார்கள். அவர்கள் எல்லோரும் தமிழ் படித்துத்தான் அதிகாரிகளாகவும் ஆசிரியர்களாகவும் ஆனார்கள். என் பாட்டன் காலத்தில் இதற்கெல்லாம் யாரும் இழை தொடங்கிக்கொண்டிருக்கவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஆறு வயதுப் பிள்ளைக்குப் பாட்டியின் மொழி சுமை என்று கண்டுபிடித்த பள்ளிக்கு, தெருவில் ஒருவரும் பேசாத ஆங்கிலத்தில் கணக்கும் அறிவியலும் நடத்துவது சுமையாகத் தெரியவில்லையா? குறைக்க வேண்டியது ஒன்று என்றால் அது எது?

ஓய்வூதியர் (குகை)

தம்பி செந்தமிழனோடு கடைசிப் பத்தியில் முழு உடன்பாடு. முதல் பத்தியில் இல்லை. படித்து முன்னேறியவர்களை நாம் ஊரில் பார்க்கிறோம். ஐந்தாம் வகுப்போடு நின்று தறிக்கு நூல் சுற்றப் போனவர்களைப் பார்ப்பதில்லை. அவர்களில் எத்தனை பேர் வறுமையால் நின்றார்கள், எத்தனை பேர் வகுப்பு புரியாமல் நின்றார்கள் என்று யார் கணக்கெடுத்தார்கள்?

கறுப்பு அங்கி

சட்டப் பேச்சு வந்ததால் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அரைகுறையாக நின்றால் இந்த அம்மா பயந்துவிடுவார்.

அரசியல் சட்டத்தின் 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தருவதற்குப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்கிறது. மாநிலங்களை மொழிவாரியாகப் பிரித்த 1956இல், ஏழாவது திருத்தத்தில் சேர்த்தது. எல்லைக்கோடு போட்டால் இரண்டு பக்கமும் மிச்சப்படுகிறவர்கள் இருப்பார்கள் என்பதை உணர்ந்து எழுதிய பிரிவு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமும் இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழி என்கிறது. "முயல வேண்டும்", "இயன்றவரை" என்ற இரண்டு சொற்களுக்குள் அரசுகள் வசதியாகக் குடியிருந்துகொள்கின்றன.

நடைமுறையில் தமிழ்நாட்டில் சிறுபான்மை மொழி என்றால் தெலுங்கு, கன்னடம், மலையாளம், உருது ஆகியவைதான் பேச்சில் வரும். பாடநூல் உண்டு, ஆசிரியர் பணியிடம் உண்டு, பக்கத்து மாநிலம் உண்டு. சௌராஷ்டிரத்துக்கு மாநிலமும் இல்லை, அரசியல் சட்டத்தின் மொழிப் பட்டியலான எட்டாவது அட்டவணையில் இடமும் இல்லை. 2011 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 2.47 லட்சம் பேர் அதைத் தாய்மொழி என்று சொல்லியிருக்கிறார்கள். மொழிச் சிறுபான்மையினருக்குள்ளேயே சிறுபான்மை.

தமிழ் கற்பித்தல் சட்டம் பள்ளியில் எதைக் கற்பிக்க வேண்டும் என்று சொல்கிறது. வீட்டில் எதைப் பேசக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஆசிரியை சொன்னது ஆலோசனை. கேட்கலாம், கேட்காமலும் இருக்கலாம்.

கோட்டைப்பக்கம்

உருது வழித் தொடக்கப் பள்ளியில் படித்தவன் நான். என் தங்கை இப்போது அப்படி ஒரு பள்ளியில் ஆசிரியை. பாடநூலும் பணியிடமும் உண்டு என்று கறுப்பு அங்கி அண்ணன் எழுதியிருக்கிறார். பணியிடம் இருக்கும், ஆள் இருக்க வேண்டுமே! ஒருவர் ஓய்வு பெற்றால் அடுத்தவர் வருவதற்குள் ஒரு வகுப்புப் பிள்ளைகள் தேர்ச்சி பெற்று வெளியே போய்விடுவார்கள்.

தமிழ்ச் சட்டத்தைப் பற்றி வெளியே பேசுகிறவர்கள், நாங்கள் தமிழ் வேண்டாம் என்று நீதிமன்றம் போனதாக நினைக்கிறார்கள். 2006-07இல் ஒன்றாம் வகுப்பில் தொடங்கிய கட்டாயம் ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி 2015-16இல் பத்தாம் வகுப்புக்கு வந்தது. இடைப்பட்ட பத்தாண்டில் எத்தனை சிறுபான்மை மொழிப் பள்ளிகளுக்குத் தமிழாசிரியர் வந்தார்? ஆசிரியரைப் போடாமல் பொதுத்தேர்வில் தமிழ்த் தாளை மட்டும் வைத்தால் பிள்ளை என்ன எழுதுவான்? அங்கேதான் வழக்கு பிறந்தது. 2020 முதல் 2022 வரை தமிழ்த் தாளிலிருந்து உயர் நீதிமன்றம் விலக்கு தந்தது. 2023 தேர்வுக்கு உச்ச நீதிமன்றம் தந்தது. எந்தத் தாள் எழுதப்போகிறோம் என்று தெரியாமல் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் காத்திருந்த கதை அது.

எனக்குத் தமிழ் எங்கே வந்தது தெரியுமா? ஆறாம் வகுப்பில் தமிழ் வழிக்கு மாறியபோது ஓராண்டு அழுதேன். பிறகு மைதானத்தில் வந்தது. வகுப்பில் வரவில்லை.

வசிஷ்டநதி

ஆத்தூர் வட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஆசிரியை. இதுவரை எழுதியவர்களின் பிள்ளைகளுக்குத் தமிழ் தெருவிலாவது காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. எங்களிடம் வருகிறவர்கள் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பெற்றோருடன் ரயில் ஏறி வந்தவர்கள். அப்பா ஜவ்வரிசி ஆலையில் வேலை செய்வார். அல்லது அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளையில் கல் அறுப்பார்கள். சூளை வேலை மழை ஓய்ந்து தை மாதவாக்கில் தொடங்கும், அடுத்த மழை வந்தால் நின்றுவிடும். ஆகவே பையன் ஜனவரியில் வருவான். ஜூனில் பள்ளி திறக்கும்போது இருக்க மாட்டான். அடுத்த ஜனவரியில் வேறு ஒரு மாவட்டத்தில் வேறு ஒரு சூளையில் இருப்பான்.

வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்பது சட்டம். சேர்க்கிறோம். ஒன்பது வயதுப் பையன் நான்காம் வகுப்பில் உட்காருகிறான். இப்போது தொடக்க வகுப்புகளுக்கான அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை நிலைவாரியாக அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறோம். தமிழில் அவன் அரும்பு, அதில் வாதமில்லை. கணக்கிலும் அரும்பாகிவிடுகிறான், ஏனென்றால் கணக்குக் கேள்வியும் தமிழில்தான் இருக்கிறது. கரும்பலகையில் வெறும் எண்களாக ஒரு வகுத்தல் கணக்கை எழுதிப் பாருங்கள், எல்லோருக்கும் முன்னால் போட்டு முடித்துவிட்டு நிற்பான். "ஒரு கூடையில் 48 மாம்பழங்கள்" என்று தொடங்கினால் தீர்ந்தது, பென்சிலைக் கீழே வைத்துவிடுவான். ஊரில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பையன் இங்கே பதிவேட்டில் எழுதப் படிக்கத் தெரியாதவன்.

இன்னொரு விஷயத்தை எந்தப் பயிற்சி வகுப்பிலும் யாரும் பேசுவதில்லை. வந்த பிள்ளைகளில் எவள் வேகமாகத் தமிழைப் பிடித்துக்கொள்கிறாளோ அவள்தான் அந்தப் பள்ளியின் மொழிபெயர்ப்பாளர். பெரும்பாலும் பத்து வயதுப் பெண் பிள்ளை. இரண்டாம் வகுப்பில் ஒருவன் அழுகிறான் என்றால் அவளைக் கூப்பிடுவோம். தடுப்பூசி போட வந்தால் அவள். பெற்றோர் எதற்குக் கையெழுத்துப் போட வேண்டும் என்று விளக்கவும் அவள். அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போவதற்கும் அவளே. அன்று பள்ளிக்கு வர மாட்டாள். கெட்டிக்காரி என்று எல்லோரும் மெச்சுகிறோம், அவளுடைய வகுப்பு போய்க்கொண்டே இருக்கிறது. கைப்பேசியில் மொழிபெயர்ப்புச் செயலி வந்த பிறகு பெற்றோரிடம் பேசுவதற்காவது அவளைக் கூப்பிடாமல் இருக்க முடிகிறது. பேச்சுவழக்கு கலந்தால் செயலி உளறுகிறது, ஆனாலும் பரவாயில்லை.

புலம்பெயர்ந்தோர் பிள்ளைகளுக்காகத் தமிழ் மொழி கற்போம் என்று அரசு ஒரு திட்டம் கொண்டுவந்திருக்கிறது. வரவேற்கிறேன், தமிழ் வராமல் இங்கே அவர்களால் மூச்சுவிட முடியாது. ஆனால் அவன் ஏற்கெனவே படித்த ஒடியா எழுத்து என்ன ஆவது? திரும்பி ஊருக்குப் போனால் அதில்தானே எழுத வேண்டும்? நான் ஒன்று செய்கிறேன். நோட்டின் இடதுபக்கம் அவனுடைய எழுத்தில் எழுதிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறேன். எனக்குப் படிக்கத் தெரியாது, அதனால் என்ன? ஆய்வுக்கு வந்த ஓர் அதிகாரி "இது என்ன கிறுக்கல்" என்று கேட்டார். ஒடிசா அரசின் ஆட்சிமொழி என்று சொன்னேன்.

செந்தமிழன்_சேலம்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். கடைசி வரிக்குச் சிரித்தேன். ஆனால் இங்கே பல விஷயங்களை ஒரே கூடையில் போடுகிறோம். அம்மாப்பேட்டைப் பிள்ளை இந்த மண்ணின் பிள்ளை. பல நூறாண்டு இங்கே வாழும் சமூகம். சூளைக்கு வரும் பையன் ஆறு மாத விருந்தாளி. இருவருக்கும் ஒரே தீர்வு சொல்ல முடியாது. ஒடியாப் பையனுக்காக ஒவ்வொரு ஒன்றியத்திலும் ஒடியா ஆசிரியர் போட முடியுமா? பழங்குடியினருக்காக ஒடிசா அரசே 21 மொழிகளில் தொடக்கக் கல்வி நடத்துகிறது என்று உடனே யாராவது எழுதுவீர்கள். அது ஊர் முழுக்க ஒரே மொழி பேசும் கிராமங்களில். வகுப்புக்கு ஒரு பிள்ளை என்றால் அது நடக்காது.

வசிஷ்டநதி

ஒடியா ஆசிரியர் நானும் கேட்கவில்லை, ஐயா. தமிழ் தெரியாததும் கணக்குத் தெரியாததும் ஒன்றல்ல என்று மதிப்பீட்டுத் தாளை எழுதுகிறவர்களுக்குத் தெரிந்தால் போதும். அதற்குப் பணியிடமும் வேண்டாம், நிதியும் வேண்டாம்.

"விருந்தாளி" என்றும் சொல்லாதீர்கள். ஜவ்வரிசி ஆலைக் குடும்பங்களில் பலர் ஆண்டுக்கணக்காக இங்கேயே இருக்கிறார்கள். தம்பி தங்கைகள் ஆத்தூரில்தான் பிறந்தவர்கள்.

காப்பிப்பூ (ஏற்காடு)

மலையிலிருந்தும் ஒரு குரல் சேர்ந்துகொள்ளட்டும். சேர்வராயன் மலையின் பழங்குடி மக்கள் மலையாளிகள். கேரளத்து மலையாளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று தங்கள் வரலாற்றைச் சொல்லிக்கொள்கிறார்கள், பேசுவது தமிழ்தான். ஆனால் மேல்நிலை வகுப்புக்குச் சேலத்தில் இறங்கிய பிள்ளைகள் திரும்பி வந்து சொல்லும் முதல் கதை ஒன்றுதான்: பெயர்ப்பட்டியலில் "இந்து மலையாளி" என்று பார்த்ததும் "எங்கே, கொஞ்சம் மலையாளம் பேசு" என்பார்களாம். மலையாளம் தெரியாது என்றால் பொய்ச்சான்றிதழ் என்று கிண்டல். வாய் திறந்து மலைத் தமிழில் பேசினால் அதற்கும் சிரிப்பு.

சட்டப்படி இவர்கள் மொழிச் சிறுபான்மையினர் அல்லர், தமிழரே. வகுப்பறையில் நடப்பதோ நூல்கண்டு அம்மாவின் மகளுக்கு நடப்பதுதான். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து மாலை பஸ்ஸில் இறங்கிவிடும் ஆசிரியருக்குப் பிள்ளையின் பேச்சு பிடிபடுவதற்குள் மாறுதல் கலந்தாய்வு வந்துவிடும். உண்டு உறைவிடப் பள்ளியில் ஆறு வயதில் விடப்பட்ட பிள்ளை சரியான தமிழ் பேசப் பழகி, விடுமுறைக்குக் கிராமத்துக்குப் போகும்போது பாட்டியின் பேச்சைத் திருத்துகிறது. காப்பிப் பழம் எடுக்கும் நவம்பர், டிசம்பரில் வருகை குறைவதைப் பற்றி எல்லா அறிக்கையிலும் எழுதுவார்கள். இதை எழுத மாட்டார்கள்.

ஒரு வேடிக்கையும் சொல்கிறேன். சில எஸ்டேட் லைன் வீடுகளில் இப்போது ஜார்க்கண்ட் குடும்பங்கள் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகள் மலையாளிப் பிள்ளைகளோடு விளையாடித் தமிழ் கற்றுக்கொள்கிறார்கள், அசல் மலைத் தமிழ். புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர், "வடநாட்டுப் பிள்ளை, அதனால்தான் தமிழ் கொச்சையாக இருக்கிறது" என்றார். பக்கத்தில் நின்ற மலையாளிப் பையன் விழுந்து விழுந்து சிரித்தான்.

செந்தமிழன்_சேலம்

மலைத் தமிழைப் பார்த்துச் சிரிப்பவன் தமிழ் அறியாதவன். வட்டார வழக்கில்தான் பழஞ்சொற்கள் வாழ்கின்றன. பிள்ளையின் பேச்சைக் கொச்சை என்று சொல்லும் ஆசிரியரை நான் மன்னிக்க மாட்டேன்.

கறுப்பு அங்கி

நன்று. மலையாளிப் பிள்ளையின் பாட்டி பேசுவதை ஆசிரியர் இழிவுசெய்யக் கூடாது. அம்மாப்பேட்டைப் பாட்டி பேசுவதை மட்டும் ஆசிரியை நிறுத்தச் சொல்லலாம். அப்படித்தானே?

செந்தமிழன்_சேலம்

இழிவு செய்வது வேறு, பள்ளிக்காகப் பழக்கப்படுத்துவது வேறு. வக்கீல்கள் எப்போதும் இப்படித்தான் முடிச்சுப் போடுவீர்கள்.

நூல்கண்டு (அம்மாப்பேட்டை)

எல்லோருக்கும் நன்றி. கணவரை இந்த இழையைப் படிக்கவைத்தேன். அவருடைய கேள்வி: "இவர்கள் எல்லாம் உணர்ச்சிக்காகச் சொல்கிறார்களா, இல்லை, வீட்டு மொழியை விடாமல் இருந்தால் படிப்பு நன்றாக வரும் என்று யாராவது நிரூபித்திருக்கிறார்களா?"

ஓய்வூதியர் (குகை)

நியாயமான கேள்வி. தாய்மொழியில் தொடங்குவதே குழந்தைக்கு நல்லது என்று யுனெஸ்கோ 1953இலேயே அறிக்கை வெளியிட்டது. அதைவிட உங்களுக்குப் பயன்படக்கூடியது கனடாவைச் சேர்ந்த ஜிம் கம்மின்ஸ் என்ற அறிஞர் சொன்னது. புது மொழியில் விளையாட, சண்டை போட, கடைக்குப் போகத் தேவையான பேச்சு இரண்டாண்டில் வந்துவிடும். பாடம் படித்துப் புரிந்துகொள்ளும் மொழி வருவதற்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும் என்றார். ஒரு மொழியில் யோசிக்கக் கற்ற பிள்ளை அந்த யோசனையை அடுத்த மொழிக்கும் எடுத்துப் போகிறது என்பது அவருடைய முக்கியமான கருத்து.

இதை உங்கள் வீட்டுக்குப் பொருத்திப் பார்ப்போம். மாலையில் பாட்டி ஒரு கதை சொல்கிறார். அவன் ஏன் அப்படிச் செய்தான், பிறகு என்ன ஆயிற்று, நீயாக இருந்தால் என்ன செய்வாய் என்று பிள்ளை பதில் சொல்கிறாள். பள்ளியில் ஒரு பாடத்தைப் புரிந்துகொள்ளத் தேவைப்படுவதும் அதுதான். நாளையிலிருந்து வீட்டில் ஆங்கிலம் என்றால் என்ன நடக்கும்? "சாப்பிடு, தூங்கு, வீட்டுப்பாடம் முடி" என்பதற்கு மேல் உரையாடல் போகாது. பெரியவர்களுக்கே ஓடாத மொழியில் குழந்தையிடம் எவ்வளவு பேசமுடியும்?

தமிழில் கூடுதலாகப் பேசுங்கள், அது நல்லது. கதைப்புத்தகம் வாசித்துக் காட்டுங்கள், தெருப் பிள்ளைகளோடு விளையாட விடுங்கள். பாட்டியை மட்டும் வாயை மூடச் சொல்லாதீர்கள்.

செந்தமிழன்_சேலம்

கனடாவில் குடியேறியவர்களை வைத்துச் சொன்னதை அம்மாப்பேட்டைக்கு அப்படியே பொருத்த முடியுமா என்று தெரியவில்லை. கதைப்புத்தக யோசனை நல்லது.

ஐந்துரோடு

பெரும்பாலும் படித்துவிட்டுப் போய்விடுவேன். இன்று எழுதத் தோன்றுகிறது.

அப்பா பீகாரிலிருந்து தச்சு வேலைக்குச் சேலம் வந்தார். நான் இங்கே தமிழ் வழியில் படித்தவன். ஒன்றாம் வகுப்பில் என்னைப் பேசவைப்பதற்காக ஆசிரியை மற்ற பிள்ளைகளிடம், "அவனிடம் இந்தியில் ஏதாவது கேளுங்கள்" என்றார். எங்கள் வீட்டில் இந்தி கிடையாது, போஜ்புரி. அது என் ஆசிரியைக்குத் தெரியாது, பள்ளிப் பதிவேட்டுக்கும் தெரியாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் போஜ்புரியை இந்தியின் கீழ்தான் சேர்க்கிறார்கள். எனவே வசிஷ்டநதி அக்கா, உங்களிடம் வரும் பீகார் பிள்ளைகளுக்கு இந்திப் புத்தகம் வாங்கிக் கொடுத்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதுவும் பலருக்குப் பள்ளி மொழிதான்.

தமிழ் எனக்கு நன்றாக வந்தது. பத்தாம் வகுப்பில் தமிழில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண். அன்றும் இன்றும் எல்லோரும் சொல்வது, "எவ்வளவு அழகாகத் தமிழ் பேசுகிறாய்!" மகிழ்ச்சிதான். வீட்டில் என்ன பேசுவாய் என்று இத்தனை ஆண்டில் கேட்டவர்கள் மிகக் குறைவு. கேட்காமலே "சேட்டு" என்று கூப்பிட்டவர்கள் நிறைய. அப்பா தச்சர், சேட்டாக ஆகியிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

என் அக்கா, பள்ளியில் சொன்னார்கள் என்று பிள்ளைகளிடம் தமிழ் மட்டும் பேசி வளர்த்தாள். படிப்பில் கெட்டிக்காரர்கள், குறை சொல்ல முடியாது. பக்கத்து வீட்டில் தமிழ், போஜ்புரி இரண்டும் பேசி வளர்ந்த பையனும் அதே அளவு கெட்டிக்காரன். விட்டதால் இவர்களுக்கு மதிப்பெண் ஒன்றும் கூடவில்லை. ஊருக்குப் போனால் என் அம்மாவுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் நடுவில் நான் உட்கார்ந்து மொழிபெயர்க்கிறேன். நூல்கண்டு அக்காவின் கணவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான்.

நூல்கண்டு (அம்மாப்பேட்டை)

தம்பி எழுதியதைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். இனி எங்கள் வீட்டில் விவாதம் இல்லை. ஆசிரியையிடம் ஓய்வூதியர் ஐயா சொன்னபடி பேசினேன். ஒரு விரல் ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொண்டார், நல்ல பெண்தான். வகுப்பில் 40 பிள்ளைகள், அவரும் என்ன செய்வார்.

போகிற போக்கில் ஒரு சந்தேகம். எமிஸ் என்ற கல்வித் துறையின் மாணவர் விவரப் பதிவில் மகளுக்குத் தாய்மொழி "தமிழ்" என்று இருக்கிறது. நாங்கள் அப்படிச் சொல்லவில்லை, அவர்களாகவே போட்டிருக்கிறார்கள். சௌராஷ்டிரம் என்று மாற்றச் சொன்னால் பத்தாம் வகுப்பில் தமிழ்த் தாளில் ஏதாவது சிக்கல் வருமா?

கறுப்பு அங்கி

வராது. விலக்கு என்பது வேறு மொழித் தாள் எழுதுகிறவர்கள் கேட்டுப் பெற்றது. தானாக யார் தலையிலும் விழுவதில்லை. சௌராஷ்டிரத்துக்குத் தேர்வுத் தாளே கிடையாது. உங்கள் மகள் எல்லோரையும் போலத் தமிழ் எழுதுவாள். தயங்காமல் மாற்றச் சொல்லுங்கள். பதிவேட்டில் எல்லோரும் தமிழ் என்று இருந்தால், இந்த ஊரில் வேறு மொழிப் பிள்ளைகளே இல்லை என்றுதான் திட்டம் போடுகிறவர்கள் நினைப்பார்கள்.

கோட்டைப்பக்கம்

என் மகனுக்கு இப்போதுதான் பார்த்தேன். உருது என்று சரியாக இருக்கிறது.

தறிச்சத்தம் (இளம்பிள்ளை)

எங்களுக்குக் கன்னடம். பதிவில் தெலுங்கு! எப்படி வந்தது என்று கேட்டால், "தேவாங்கர் என்றீர்கள், அதனால் போட்டேன்" என்கிறார் பதிவு செய்தவர்.

செந்தமிழன்_சேலம்

எங்களுக்குத் தமிழ். சரியாக இருக்கிறது. இதைச் சொல்லவும் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

வசிஷ்டநதி

எங்கள் பள்ளியில் வெளிமாநிலப் பிள்ளைகள் எல்லோருக்கும் இந்தி என்று இருக்கிறது, ஒடியாப் பிள்ளைகள் உட்பட. எனக்கு முன்பு பதிவு செய்தவர் ஒரே அடியாகப் போட்டுவிட்டார். திங்கட்கிழமை தலைமையாசிரியரிடம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றப் போகிறோம். ஐந்துரோடு தம்பி, பீகார்க் குடும்பங்களில் யார் போஜ்புரி, யார் மைதிலி என்று எனக்குத் தெரியவில்லை. இந்தியில் கேட்டால் எல்லோரும் மரியாதைக்கு "இந்தி" என்றே சொல்கிறார்கள். தொலைபேசியில் நீங்கள் அவர்களிடம் பேசிக் கேட்டுச் சொல்ல முடியுமா?

ஐந்துரோடு

பேசுகிறேன் அக்கா. ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு மேல் என்றால் வேலை இருக்காது, சூளையிலும் பெரும்பாலும் கூலிக்கணக்கு முடித்து வந்திருப்பார்கள். எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.